புஷ்பவல்லியின் பானையும் பெல்ஜியத்து மணியும்

சங்கராந்தி நெருங்கினால் சுகர் லேண்டில் சண்டை வரும். அதற்குப் பஞ்சாங்கமெல்லாம் பார்க்க வேண்டாம். மன்றத்துக் கூடத்தின் வாசலில் நின்று காதைக் கொடுத்தாலே போதும்.

டெக்சாஸில், ஹூஸ்டனுக்குப் பக்கத்து ஊர் இது. சுகர் லேண்ட் இந்தியர் மன்றத்தில் மொத்தம் இருநூற்று நாற்பத்தாறு குடும்பங்கள். குஜராத்திகள் நூற்றுப் பத்து, தெலுங்கர்கள் அறுபது, நம்மவர்கள் முப்பத்தெட்டு, மலையாளிகள் இருபத்தைந்து, கன்னடக்காரர்கள் ஒன்பது, வங்காளிகள் வெறும் நான்கு. ஒரு காலத்தில் கார்ப்பெட் கடையாக இருந்த ஒரு கூடம், அதற்கு முன்னால் ஒரு பார்க்கிங் லாட், சொத்து அவ்வளவுதான். ஆனால் தை பிறக்கிற நாள் இருக்கிறதே, அது அத்தனை பேருக்கும் பண்டிகை. குஜராத்திகளுக்குப் பட்டம், தெலுங்கர்களுக்குச் சங்கராந்திப் பொம்மைக் கொலு, கன்னடக்காரர்களுக்கு எள்ளும் வெல்லமும், நமக்குப் பொங்கல். எல்லோருக்கும் வேண்டியது அதே சனிக்கிழமை, அதே பார்க்கிங் லாட். கை தூக்குங்கள் என்பார்கள். தூக்குவோம். எண்ணுவார்கள். எதற்கு அதிகக் கையோ அதற்குத்தான் இடம். பட்டம் ஜெயித்துவிடும்.

நான்கு வருஷமாக இப்படித் தோற்றுக்கொண்டிருந்தவள் புஷ்பவல்லி. கோபிச்செட்டிபாளையத்துக்காரி, ஹூஸ்டன் மெடிக்கல் சென்டரில் ரத்தம் பரிசோதிக்கும் லேபில் வேலை. தொண்ணூற்று மூன்று கடைசியில் ஊருக்குப் போனபோது ஒரு வெண்கலப் பானை வாங்கி, மூன்று விமானம் மாறி, மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாள். "இது செத்தவங்க சாம்பலை வைக்கிற பாத்திரமா?" என்று கஸ்டம்ஸ்காரன் கேட்டான். "வாயைக் கழுவுங்க சார், சோறு பொங்குறது" என்று சொல்ல நினைத்து, "ரைஸ், சார், ரைஸ்" என்று மட்டும் சொல்லி வைத்தாள்.

திறந்த வெளியில், சூரியனைப் பார்த்துப் பால் பொங்கி வழிய வேண்டும். சுற்றி நின்று குழந்தைகள் கத்த வேண்டும். அவள் ஆசை அவ்வளவுதான். ஆனால் பானை, கடைக்காரன் ஒட்டிய சீட்டுக்கூடக் கிழியாமல், கராஜில் புல் வெட்டும் மெஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது. பொங்கலை வீட்டு அடுப்பில் வைத்து, கண்ணாடிப் பாத்திரத்தில் கொட்டி, கூடத்து மைக்ரோவேவில் சூடு பண்ணிப் பரிமாறினாள். பத்து வயசு மகள் சண்முகப்ரியாவுக்குப் பொங்கல் என்றால் மைக்ரோவேவ் 'டிங்' என்கிற சத்தம்தான்.

தொண்ணூற்றேழு ஜனவரியில் மறுபடியும் தோற்று வீடு திரும்பும்போது காரிலேயே சொல்லிவிட்டாள். "ஏனுங்க, கேட்டுக்கங்க. அடுத்த வருசமும் என்ற பானை வெளியில ஏறலைன்னா, நான் அந்தக் கூடத்துப் படியை மிதிக்கமாட்டனுங்க. சத்தியமா."

சொல்லிவிட்டாளே தவிர, பின்கண்ணாடி வழியாகக் கூடத்தைத் திரும்பிப் பார்த்துக்கொண்டாள். அந்தக் கூடம் இல்லாவிட்டால் அவளுக்கு சுகர் லேண்டே இல்லை. சனிக்கிழமைகள் அங்கேதான், சிரிப்பு அங்கேதான், பக்கத்துத் தெரு ஸ்வர்ணாவோடு அரட்டையும் அங்கேதான். அத்தனையையும் ஒரு பானைக்குப் பந்தயம் கட்டிவிட்டாள்.

கார் ஓட்டிக்கொண்டிருந்த கணவன் சேனாபதி, திரும்ப வேண்டிய தெருவைத் தாண்டிப் போய்விட்டான். வழி தப்பினால் அவன் மண்டைக்குள் பெல்ஜியம் ஓடுகிறது என்று அர்த்தம்.

சேனாபதி பைப்லைன் எஞ்சினியர். டெக்சாஸுக்கு வருமுன் நாலு வருஷம் பெல்ஜியத்தில், லியேஜ் என்கிற பிரெஞ்சு பேசும் ஊரில் இருந்தான். புஷ்பவல்லியும் கூட இருந்தாள். அங்கிருந்து அவன் கொண்டுவந்தவை கொஞ்சம் பிரெஞ்சு, ஒரு வாஃபிள் சுடும் மெஷின், அந்த நாட்டு அரசியல் சட்டத்தின் மேல் தீராத காதல். முதல் இரண்டையும் அவள் பொறுத்துக்கொண்டாள்.

"பாரு புஷ்பா," என்று மறுநாள் இட்லித் தட்டை வைத்துக்கொண்டு ஆரம்பித்தான். "அங்க டச்சு பேசுறவங்கதான் மெஜாரிட்டி. பிரெஞ்சுக்காரங்க பத்துக்கு நாலு பேரு. கையத் தூக்கி எண்ணுனா தினமும் தோக்க வேண்டியதுதான். அதனால அதிகாரத்த ரெண்டாப் பிரிச்சிட்டாங்க. மண்ணு, ரோடு, தண்ணியெல்லாம் பிராந்தியம். பாஷை, பள்ளிக்கூடம், பாட்டு, நாடகமெல்லாம் சமூகம். பிரெஞ்சு சமூகத்துக்குன்னு தனி அரசாங்கம். அதுல டச்சுக்காரன் கையே தூக்க முடியாது. ஜெர்மன் பேசுறவன் ஒரு லட்சம் பேருகூட இல்ல, அவனுக்கும் தனி அரசாங்கம்!"

"அதுக்கும் என்ற பானைக்கும் என்னங்க சம்பந்தம்?"

"அதுதான் சம்பந்தம்!" என்று கை கழுவாமலே எழுந்துவிட்டான்.

ஒன்பது மாசம் உட்கார்ந்து எழுதினான். கூடம், பார்க்கிங் லாட், கேஸ் அடுப்பு, நாற்காலி எல்லாம் பிராந்தியம். அது பொது, ஓட்டெடுப்பு உண்டு. சாப்பாடு, பாட்டு, பூஜை, மொழி வகுப்பு எல்லாம் சமூகம். அந்தந்த மொழிக்காரர் வைத்ததுதான் சட்டம். அதற்கும் மேலே ஒரு காவல்: அபாய மணி. பெல்ஜியத்தில் சிறுபான்மையாக இருக்கும் பிரெஞ்சுக்காரர்களுக்காகக் கொண்டுவந்த ஏற்பாடு அது. பாராளுமன்றத்தில் ஒரு மொழிக்காரர்களில் முக்கால்வாசிப் பேர் 'இந்தச் சட்டம் எங்களை நோகடிக்கிறது' என்று கையெழுத்துப் போட்டால் சட்டம் நிறைவேறாமல் அப்படியே நிற்கும். மந்திரிகள் முப்பது நாளைக்குள் பேசி வழி சொல்ல வேண்டும்.

அங்கே நிஜ மணி கிடையாது, வெறும் காகிதம்தான். நம்மவர்கள் காகிதத்துக்கா அடங்குவார்கள்? சேனாபதி பூஜை அலமாரியிலிருந்து பித்தளை மணியை எடுத்துக்கொண்டு கிளம்பினான். "அப்ப சாமிக்கு?" என்றாள் புஷ்பவல்லி. "கையத் தட்டு, கேட்கும்" என்று போய்விட்டான்.

அக்டோபர் கூட்டத்தில் சட்டம் நிறைவேறியது. தலைவர் ஹஸ்முக் பாய் குஜராத்தி, மருந்துக்கடைக்காரர். மருந்துப் புட்டியின் சீட்டைப் படிப்பதுபோல வரி வரியாகப் படித்தார். முப்பது நாளை மட்டும் முப்பது நிமிஷமாக்கினார். மணி அடித்தால் மைக்கை அணைக்க வேண்டும். எல்லோரும் சேர்ந்து காபி குடிக்க வேண்டும். முப்பது நிமிஷம் கழித்துத்தான் மறுபடி ஓட்டு. "சுகர் லேண்டில் ஒரு பெல்ஜியம்!" என்று சேனாபதி கண் கலங்கினான்.

நவம்பர் கூட்டத்தில் மணி பதினொரு தடவை அடித்தது.

ஆமாம், பதினொன்று. தெலுங்கர்கள் ஊறுகாய்க்கு அடித்தார்கள். மலையாளிகள் மைக் சத்தத்துக்கு அடித்தார்கள். வங்காளிகள் நாலே குடும்பம், மூன்று பேர் எழுந்தால் முக்கால்வாசி. அவர்கள் மட்டும் நாலு தடவை அடித்தார்கள். ஒவ்வொரு மணிக்கும் காபி. காலை பத்துக்கு ஆரம்பித்த கூட்டம் சாயங்காலம் ஐந்துக்கு முடிந்தது, ஒரு தீர்மானமும் போடாமல். பதினொரு காபியோடு வெளியே வந்த சேனாபதி, "பெல்ஜியத்துல இருபத்தேழு வருசத்துல ஒரே ஒரு தடவைதான் அடிச்சாங்க, புஷ்பா. ஒரே ஒரு தடவை" என்று முனகினான். புஷ்பவல்லி கார் கதவைப் பிடித்துக்கொண்டு கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள்.

ஹஸ்முக் பாய் அதே வாரம் ஒரு திருத்தம் போட்டார். ஒரு மொழிக்கு வருஷத்துக்கு ஒரு மணிதான். கணக்கு டிசம்பர் ஒன்றிலிருந்து.

டிசம்பர் ஆறாம் தேதி தமிழர்கள் தங்கள் மணியைக் காலி பண்ணினார்கள். அன்றைக்குச் சாப்பாட்டு மேஜையில் யாரோ தயிர்சாதத்தை சாலட் வரிசையில் வைத்துவிட்டார்கள். வெள்ளரிக்காய்க்கும் கேரட்டுக்கும் நடுவில்! "சாலட்டாமாம்!" என்று கிட்டுசாமி ஒரு குரல் கொடுத்தார். அவர் மதுரைக்காரர், நெருப்பு மாதிரி மனுஷன். முப்பத்தெட்டு குடும்பமும் ஒரே ஆளாக எழுந்து நின்றது. மணி அடித்தது. காபி குடித்தார்கள். தயிர்சாதம் சாத வரிசைக்கு வந்தது. எல்லோரும் முதுகில் தட்டிக்கொண்டார்கள். புஷ்பவல்லியும்தான் எழுந்து நின்றாள். அதுதான் பின்னால் அவள் நெஞ்சை அறுத்தது.

ஏனென்றால் ஜனவரி ஒன்றாம் தேதி, சாப்பாட்டு மேஜையில், சேனாபதி தொண்டையைக் கனைத்தான். அவள் பொங்கல் விண்ணப்பம் அவன் கையில் இருந்தது. சட்டம் எழுதியவன் என்பதால் எது பிராந்தியம், எது சமூகம் என்று தீர்ப்புச் சொல்வதும் அவன் வேலை.

"பொங்கல் சமூகம். அதுல சந்தேகமே இல்ல," என்றான். "ஆனா அடுப்பு வைக்கிறது பார்க்கிங் லாட்ல. அது மண்ணு. மண்ணு பிராந்தியம். ஓட்டெடுப்புக்குத்தான் போகணும்."

புஷ்பவல்லி கரண்டியைக் கீழே வைத்தாள். "ஓட்டுக்குப் போனா?"

"தோத்துருவோம்."

"மணி?"

"தயிர்சாதத்துக்கு அடிச்சாச்சு."

"அப்ப எனக்குன்னு எழுதுன சட்டத்த வெச்சே என்னைத் தோக்கடிக்கறீங்க?"

"புஷ்பா, பொண்டாட்டிக்கு ஒரு தீர்ப்பு, ஊருக்கு ஒரு தீர்ப்புன்னு சொன்னா அப்பறம் அது சட்டமா?"

நியாயம்தான். நியாயமாக இருந்ததுதான் அவளுக்கு இன்னும் ஆத்திரமாக வந்தது. எழுந்து போய்விட்டாள். "அம்மா, இட்ஸ் ஜஸ்ட் எ பாட்" என்றாள் சண்முகப்ரியா. அப்பா அம்மா இருவரும் ஒரே நேரத்தில் திரும்பி முறைத்ததும் தட்டோடு மாடிக்கு ஓடினாள்.

மறுநாள் ஃபிஃப்டி நைன் ஃப்ரீவேயில் வழக்கம்போல டிராஃபிக். ஸ்வர்ணாதான் டிரைவ் பண்ணினாள். மைசூர்க்காரி, பெங்களூரில் படித்தபோது பழகிய தமிழ். அவளும் மெடிக்கல் சென்டர்தான், இருவரும் ஒரே காரில் போவது வழக்கம். புஷ்பவல்லி ஒன்று விடாமல் கொட்டித் தீர்த்தாள். "நாளைக்கு ஓட்டு முடிஞ்சதும் நான் எந்திரிச்சு வந்திருவேன், ஸ்வர்ணா. சொன்னா சொன்னதுதான். இனி சனிக்கிழமை என்னைத் தேடாதே."

ஸ்வர்ணா ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அந்தப் பானை இன்னும் கராஜ்லதான் இருக்கா?" என்று மட்டும் கேட்டாள்.

"வேற எங்க போகும்?"

அதற்கப்புறம் ரேடியோவைத் திருகிவிட்டாள். இவளுக்கென்ன, எள்ளும் வெல்லமும் டப்பாவில் போட்டு எங்கே வேண்டுமானாலும் கொடுக்கலாம் என்று புஷ்பவல்லிக்குக் கோபம்கூட வந்தது.

சனிக்கிழமை கூடம் நிரம்பியிருந்தது. ஹஸ்முக் பாய் தீர்மானத்தை வாசித்தார்: பதினேழாம் தேதி பார்க்கிங் லாட் யாருக்கு? குஜராத்தி ஒருவர் எழுந்து, பட்டம் பறக்கிற இடத்தில் நெருப்பு ஆபத்து என்றார். கிட்டுசாமி எழுந்து, நெருப்பு இருக்கிற இடத்தில்தான் பட்டம் ஆபத்து என்றார். அதோடு விவாதம் முடிந்தது. புஷ்பவல்லி கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். கண் எரிந்தது. எண்ணி முடித்ததும் எழுந்து நடக்க வேண்டும், திரும்பிப் பார்க்கக் கூடாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

"பட்டத்துக்கு ஆதரவாக இருப்பவர்கள்..." என்று ஹஸ்முக் பாய் ஆரம்பித்தார்.

கணகணகணவென்று மணி அடித்தது.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மேடைக்குப் பக்கத்தில், மணியைக் கையில் பிடித்தபடி ஸ்வர்ணா நின்றாள். அவளுக்குப் பின்னால் கன்னடக்காரர்கள் ஒன்பது குடும்பமும் நின்றது. முக்கால்வாசி என்ன, முழுசாகவே.

"உங்களுக்கு எள்ளும் வெல்லமும் கொடுக்க இடம் ஒதுக்கியாகிவிட்டதே!" என்றார் ஹஸ்முக் பாய். "உங்களுக்கு என்ன நோவு?"

"புஷ்பவல்லியோட பானை நாலு வருஷமா கராஜ்ல கிடக்கு. அது எங்களுக்கு நோகுது," என்றாள் ஸ்வர்ணா. பிறகு சேனாபதியைப் பார்த்தாள். "அவங்கவங்க சொந்தக் காரியத்துக்குத்தான் மணி அடிக்கணும்னு சட்டத்துல எங்கயாவது இருக்கா, சார்?"

சேனாபதி பக்கங்களைப் புரட்டினான். முன்னுக்கும் பின்னுக்கும் புரட்டினான். முகம் மெல்ல மலர்ந்தது. "இல்லீங்க," என்றான். "மனம் நோகும் சமூகம்னுதான் இருக்கு. எதுக்கு நோகணும்னு இல்ல. மணி செல்லும்!"

"தண்ணி தர மாட்டாங்க," என்று கிட்டுசாமி உரக்கச் சொன்னார், "மணி தந்துட்டாங்கப்பா!" தமிழர்களைவிடக் கன்னடக்காரர்கள்தான் அதிகமாகச் சிரித்தார்கள். புஷ்பவல்லியால் சிரிக்க முடியவில்லை. நேரே போய் ஸ்வர்ணாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். கோபப்பட்டதற்கு வேறு வெட்கமாக இருந்தது. "வருசத்துக்கு ஒண்ணுதானடி, அதையும் எனக்குக் குடுத்துட்டயே!"

"வச்சு என்ன பண்ண? எங்க எள்ளு யாரையும் சண்டைக்கு இழுக்காது," என்றாள் ஸ்வர்ணா.

சட்டப்படி மைக் அணைந்தது. சட்டப்படி காபி வந்தது. ஹஸ்முக் பாய் கோப்பையோடு புஷ்பவல்லி பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். நாலு வருஷத்தில் இருவரும் பக்கத்தில் உட்கார்ந்தது அதுவே முதல் தடவை.

"ஒன்று கேட்கலாமா, பெஹன்?" என்று சகோதரி முறை வைத்து ஆரம்பித்தார். " இந்தப் பானையை எத்தனை மணிக்கு வைப்பீர்கள்?"

"காலையிலதான். சூரியன் வந்ததும் வெப்போம். பத்து மணிக்குள்ள பொங்கி முடிஞ்சிரும்."

அவர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார். "பத்துக்கா? ஜனவரியில் இந்த ஊரில் பதினொன்றுக்கு முன்னால் சரியான காற்றே வராதே. நாங்கள் பட்டத்தைக் கையில் எடுப்பதே பதினொன்றுக்குத்தான்!"

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நாலு வருஷம்! நாலு வருஷமாக எந்த நாள், எந்த இடம் என்று கை தூக்கினார்களே ஒழிய, எத்தனை மணி என்று ஒருத்தர் கேட்டதில்லை. கை தூக்கி எண்ணும்போது அதையெல்லாம் யார் கேட்கிறார்கள்? ஹஸ்முக் பாய் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். புஷ்பவல்லிக்கு மூக்கில் காபி ஏறிவிட்டது.

காலையில் பொங்கல், பதினொன்றுக்கு மேல் பட்டம் என்று முடிவாகியும் முப்பது நிமிஷத்தில் பதினெட்டு நிமிஷம் மிச்சமிருந்தது. மறுபடி ஓட்டெடுப்பு நடந்தபோது இருநூற்று நாற்பத்தாறு கையும் மேலே இருந்தது. வங்காளிகள் இரண்டு கையையும் தூக்கினார்கள் என்று கிட்டுசாமி பிற்பாடு சொன்னார்.

பதினேழாம் தேதி காலை பானை வெளியே வந்தது. டெக்சாஸ்காரர்கள் கிராஃபிஷ் என்கிற ஆற்று இறாலை அவிக்க வைத்திருக்கும் பெரிய கேஸ் அடுப்பு ஒன்றை சேனாபதி வாங்கி வந்திருந்தான். ஹஸ்முக் பாய் அதைச் சுற்றிச் சுற்றி வந்து, மோந்துகூடப் பார்த்தார். "இதில் ஏதாவது உயிர் வெந்ததா?" கடைச் சீட்டைக் காட்டினான் சேனாபதி. ஒரு எழுத்து விடாமல் படித்தபின்தான் தள்ளி நின்றார்.

கார் நிறுத்தும் வெள்ளைக் கோடுகளுக்கு நடுவில் கோலம் போட்டு, மஞ்சள் கொத்துக் கட்டிப் பானையை ஏற்றினாள். பால் ஊற்றினாள். சண்முகப்ரியா பக்கத்திலேயே நின்றாள்.

அப்போது பார்த்து, பத்தடிக்க இருபது நிமிஷம் இருக்கும்போதே, வடக்கிலிருந்து காற்றுக் கிளம்பியது. பதினொன்றுக்கு வர வேண்டிய காற்று! அடுப்பு படபடவென்று துடித்து அணைந்தது. குஜராத்திப் பிள்ளைகள் ஓவென்று கத்திக்கொண்டு கார் டிக்கிகளைத் திறந்து பட்டங்களை அள்ளினார்கள். பெரியவர்களுக்கும் கால் பரபரத்தது. பாவம், அவர்கள் ஒரு வருஷமாகக் காத்திருந்த காற்று அது. புஷ்பவல்லி பானையைப் பார்த்தாள். பால் அசையவே இல்லை. போச்சு, எல்லாம் போச்சு என்று நின்றாள்.

கணகணவென்று மணி.

ஹஸ்முக் பாய் மணியைத் தலைக்கு மேல் தூக்கி ஆட்டிக்கொண்டிருந்தார். அதிகம் பேர் உள்ளவர்கள் அதுவரை ஒரு தடவைகூட அடிக்காத மணி. எல்லா ஓட்டையும் ஜெயிக்கிறவர்களுக்கு அது எதற்கு?

"குஜராத்தி சமூகத்தின் மணி!" என்று கத்தினார். "முப்பது நிமிஷம் ஒரு பட்டமும் ஏறக் கூடாது! இந்தப் பால் பொங்காவிட்டால் எங்களுக்கு நோகும்! முக்கால்வாசிப் பேர் என்னோடு வாருங்கள்!"

முதலில் நாலு பேர் வந்தார்கள், அப்புறம் நாற்பது பேர், அப்புறம் நூறு பேர். பட்டங்களை முதுகுக்குப் பின்னால் பிடித்துக்கொண்டு, தோளோடு தோள் ஒட்டி, வடக்குப் பக்கம் சுவர் மாதிரி நின்றார்கள். தெலுங்கர்கள் இடுக்கை அடைத்தார்கள். மலையாளிகள் மூலையை அடைத்தார்கள். சேனாபதி அடுப்பைப் பற்ற வைத்தான். தீ நிமிர்ந்து நின்றது.

பால் நுரைத்தது. கழுத்துக்கு வந்தது. விளிம்பில் ஒரு நொடி நின்றது. பிறகு கிழக்குப் பக்கமாக, டெக்சாஸ் தார்த் தரையில், தாராளமாக வழிந்தது.

"பொங்கலோ பொங்கல்!" என்று ஒரு குரல் கிழித்துக்கொண்டு கிளம்பியது. சண்முகப்ரியா! புஷ்பவல்லி வாய் திறக்குமுன் மகள் கத்திவிட்டாள். அடுத்த நொடி ஆறு மொழிக்காரர்களும் அதையே கத்தினார்கள், ஆளுக்கொரு உச்சரிப்பில். புஷ்பவல்லி அழுதாள், சிரித்தாள், அரிசி போடவேண்டும் என்பதையே மறந்தாள். ஸ்வர்ணாதான் அரிசிக் கிண்ணத்தைக் கையில் திணித்தாள்.

முதல் கரண்டி ஸ்வர்ணாவுக்கு. இரண்டாவது ஹஸ்முக் பாய்க்கு. சேனாபதியும் தட்டை நீட்டினான்.

"நீங்க பிராந்தியமுங்க," என்றாள் புஷ்பவல்லி. "இது சமூகம். வரிசையில நில்லுங்க."

இருநூறு பேருக்குப் பின்னால், காதுவரை சிரித்துக்கொண்டு போய் நின்றான். பானை ஒன்று பத்தாமல், பக்கத்தில் மூன்று குக்கர் பொங்கலும் காலியாகி, அவன் முறை வந்தபோது தலைக்கு மேலே முப்பது பட்டம் பறந்துகொண்டிருந்தது. அவள் பானையைச் சாய்த்து அடியைச் சுரண்டினாள். நெய்யும் முந்திரியும் தங்கிய அடிப்பொங்கல் முழுக்க அவன் தட்டில் விழுந்தது. யாருக்கும் கொடுக்காமல் ஒதுக்கி வைத்திருந்தாள்.

"பானையை வீட்டுக்கு எடுத்துட்டுப் போயி கராஜ்ல வெச்சிரட்டுமா?" என்றான் வாய் நிறைய.

"வேண்டாமுங்க. இங்கயே கூடத்துச் சமையல்கட்டுல இருக்கட்டும். யாரு வேணா எடுத்துக்கட்டும்."

"அப்ப அது பிராந்தியமா, சமூகமா?"

புஷ்பவல்லி பானையின் கழுத்தில் நாலு வருஷமாக ஒட்டியிருந்து, இப்போது ஓரம் கருகிப்போன கடைச் சீட்டை நகத்தால் கிழித்துப் போட்டாள். "பானை பிராந்தியமுங்க," என்றாள். "பொங்கல்தான் என்னுது."